வேலி தாண்டிய சார்லி

வேலியோரம் மண்டியிட்டு உட்கார்ந்து, சாப்பிடும் முள்கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார் வெர்லின். கையில் பிடித்த களைக்கொடி நல்ல பிள்ளையாக வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்தது, இரண்டு முழம் வந்தது, பிறகு சட்டென்று அறுந்தது. மீதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, வெர்லின் மல்லாக்க விழுந்தார்.

“என்ன வெர்லின், எதையாவது தொலைச்சுட்டீங்களா?”

வேலிக்கு மேலே லவோனின் முகம் தெரிந்தது. விழுந்தவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“ஒண்ணுமில்ல. சார்லிதான்” என்றார்.

மின்னசோட்டாவில் புல்வெளி வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பெயரைக் கேட்டால் வயிறு எரியும். ‘ஊர்ந்து வரும் சார்லி’ என்பது களையின் முழுப் பெயர். வட்ட வட்ட இலை, குட்டி ஊதாப் பூ, பிய்த்துப் போட்ட இடத்திலெல்லாம் மறுபடி வேர்விடும் கொடி. முழுப் பெயரைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நாங்கள் வெறும் சார்லி என்போம். அது என்று சொல்வதில்லை, அவன் என்றுதான் சொல்வோம். இத்தனை அழிச்சாட்டியம் செய்கிறவனை அஃறிணையில் சேர்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்தச் சார்லி லவோன் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் வேலிக்கு அடியில் நுழைந்து வந்திருந்தான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்தால்கூடக் கதவை மெதுவாகத் தட்டி, “இன்னிக்குக் கொஞ்சம் வெக்கையா இருக்குல்ல?” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நல்லவேளை, லவோனே ஆரம்பித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“ஓ... கவனிச்சுட்டீங்களா?”

“கண்ணு இருக்குல்ல? பனி உருகினதுலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை.”

வெர்லினுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் தன் வீட்டுக் களைக்குத் தானே பொறுப்பேற்கிற மனுஷி எங்கே கிடைப்பாள்?

“ஐயோ, நீங்க என்ன பண்ணுவீங்க? அவன் யாரைக் கேட்டுக்கிட்டு வர்றான்?”

“சின்ன வயசுலேருந்தே பழக்கம்தான். எங்கப்பா வீட்டுத் தோட்டத்தையே சுத்திச் சுத்தி வருவான். அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.”

“விவரம் தெரிஞ்ச மனுஷன்.”

“ஆனா அந்த ஊதாப் பூவைப் பார்த்தா மனசு கொஞ்சம் இளகத்தான் செய்யுது.”

“அங்கேதான் ஏமாந்துடக்கூடாது, லவோன். பூவைக் காட்டித்தான் உள்ளே வருவான். அப்புறம் மொத்த இடத்தையும் தனக்குன்னு ஆக்கிக்குவான்.”

லவோன் வேலியில் ஒட்டியிருந்த பழைய பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள்.

“உங்களுக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காதா?”

“பிடிக்கிறதாவது! இந்த ஊர்ல நான் ஒருத்தனை வெறுக்கறேன்னா அது சார்லியைத்தான். அவனை ஒழிச்சுக் கட்டாம விடறதில்ல.”

லவோன் ஒரு தினுசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். களையைப் பற்றிப் பேசியதற்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகம் என்றுதான் வெர்லினுக்குப் பட்டது. ஆனால் அவளுடைய எந்தச் சிரிப்பும் அவருக்கு அதிகமாகத்தான் படும்.

ஆமாம், விஷயம் அதுதான். பள்ளிக்கூடப் பேருந்துகளின் வயிற்றுக்கடியில் படுத்துப் பழுது பார்த்தே காலத்தைக் கழித்த வெர்லின் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த லவோன் ஆறு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் வாரம் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. வெர்லின் ஆப்பிள் வைத்துத் திருப்பினார். அவள் கேக் வைத்து அனுப்பினாள். அன்றிலிருந்து அந்தப் பாத்திரம் வேலிக்கு மேலே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. பாத்திரம் பேசிய அளவுக்கு வெர்லின் பேசவில்லை.

இந்தச் சனிக்கிழமை பேசிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். “சனிக்கிழமை சாயங்காலம் உருளைக்கிழங்கு சாலட் கொஞ்சம் மிஞ்சும்போல இருக்கு” என்று அவளை விருந்துக்கு அழைத்தும் விட்டார். “பார்க்கலாம்” என்று அவள் சம்மதமும் சொல்லிவிட்டாள். பச்சைப் புல்வெளியில் இரண்டு நாற்காலி போட வேண்டும், எதிரே லவோன் உட்கார வேண்டும், கேட்டுவிட வேண்டும். புல்வெளி மட்டும் சரியாக இருந்துவிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று நம்பினார். சொல்லிக்கொள்ளும்படி அவரிடம் இருந்த ஒரே அழகு அந்தப் புல்வெளிதான். அதில்தான் சார்லி வந்து உட்கார்ந்திருக்கிறான்.

முள்கரண்டி தோற்ற கையோடு, புல்லைச் சீவி விடும் இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்தார். அது சார்லியைத் துண்டு துண்டாக நறுக்கிப் புல்வெளி முழுக்கச் சரிசமமாகத் தூவியது. விழுந்த துண்டுகளை வாரி எடுக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இரண்டு நாள் தூறல் விழுந்ததும், வேலியோரம் மட்டும் இருந்த சார்லி புல்வெளியின் நடு வரை குடியேறிவிட்டான்.

தபால் கொடுக்க வந்த பெவர்லி வண்டியை நிறுத்திப் பார்த்தாள். ஊரில் யார் வீட்டுக்கு என்ன கடிதம் வருகிறது என்பது பிரிக்காமலே தெரிந்தவள் அவள்.

“என்னப்பா வெர்லின், முகமே சரியில்ல?”

“சார்லிதான்.”

“அதானே பார்த்தேன்.” பெவர்லி லவோன் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பக்கம் நல்லாவே வேர் விட்டுட்டான்போல. ஊரே பேசிக்குது. நீ என்னடான்னா இப்பத்தான் முழிச்சுக்கறே.”

“சனிக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணிடுவேன்.”

“பண்ணு, பண்ணு. இப்பவாவது பண்ணு” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

களையைப் பற்றி ஊரே பேசுகிறது என்றதும் வெர்லினுக்கு மானம் போனதுபோல் இருந்தது. லவோன் வீட்டு வாசலில் அன்றைக்கும் ஒரு பச்சை வண்டி நின்றது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை நிற்கிறது. வீட்டைச் சூடேற்றும் பாய்லர் பழசு, அதைச் சரிபார்க்க ஆள் வருகிறார்போல என்று வெர்லின் நினைத்துக்கொண்டார். குளிர்காலத்து வேலையைக் கோடையிலேயே முடித்து வைக்கிறாள், என்ன முன்யோசனை என்று அவள்மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் கூடியது.

நேரே டெல்மரின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

“புல்லுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. சார்லி மட்டும் சாகணும்.”

“அதுக்கு மருந்து இருக்கு.” டெல்மர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். “அகல இலையை மட்டும்தான் பிடிக்கும், புல்லைத் தொடாது. காத்து இல்லாத நாளாப் பார்த்து அடி. இப்ப பாதி வாடும். இலை உதிர்ற காலத்துல இன்னொரு தடவை அடிச்சா வேரோட போயிடும்.”

“இலை உதிர்ற காலமா? எனக்குச் சனிக்கிழமைக்கு வேணும்.”

“உன் சனிக்கிழமை சார்லிக்குத் தெரியுமா?”

வெர்லின் டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். காற்று அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மேற்கிலிருந்து கிளம்பி நேராக லவோனின் தக்காளிச் செடிகளை நோக்கி வீசியது. மருந்து அந்தப் பக்கம் போனால் தக்காளி சுருண்டுவிடும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. தக்காளி போனால் லவோன் போனாள். காத்திருந்து பார்த்தார். காற்று நிற்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் லவோன் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெர்லின் தொண்டையைச் செருமினார்.

“லவோன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்தப் பக்கம் மட்டும் முட்டி மோதிப் பிரயோஜனமில்ல. உங்க பக்கத்துலேயும் ஏதாவது செஞ்சாத்தான் சார்லி போவான்.”

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டபோது அவள் துணி உலர்த்துவதை நிறுத்தியிருந்தாள்.

“வேரோட எடுத்துடணும். அரைகுறையா விட்டா மறுபடி வருவான்.”

“மனசு கேக்க மாட்டேங்குது. அவன் கெட்டவன்னு சொல்ல முடியல.”

“இப்படித்தான் எல்லாரும் இரக்கப்படறாங்க. விட்டா உங்க வாசப்படி வரைக்கும் வந்துடுவான்.”

“வந்தாச்சு, வெர்லின்.”

“பாருங்க! இன்னும் என்ன யோசனை? உங்களால முடியலைன்னா சொல்லுங்க, நானே வந்து பிடுங்கி எறியறேன்.”

லவோன் கையிலிருந்த துணியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல” என்றாள்.

“எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு.”

“வேண்டாம். நீங்க வர வேண்டாம். நானே பார்த்துக்கறேன்.”

அன்று மாலை அயோவாவிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் ஆர்டெல் போனில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

“இதுக்குப் போயா? துணி துவைக்கிற போராக்ஸ் தூள் இருக்குல்ல, அதை வெந்நீர்ல கரைச்சு அளவாத் தெளி. எங்கப்பா காலத்து வைத்தியம்.”

அந்த வாக்கியத்தில் ‘அளவா’ என்கிற ஒரு சொல்தான் முக்கியம். அதுதான் போனை வைத்திருந்த, கொஞ்சம் மந்தமான வெர்லினின் இடது காதில் விழவில்லை. மறுநாள் டெல்மரின் கடையிலிருந்த போராக்ஸ் பெட்டிகளை மொத்தமாகத் தள்ளுவண்டியில் அடுக்கினார்.

“எத்தனை வருஷத்துத் துணியைச் சேர்த்து வச்சிருக்கே?” என்றான் டெல்மர்.

வெர்லின் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார். கரைத்தார், தெளித்தார், மிச்சம் இருந்ததைக் கரைக்காமலும் தூவினார். வெள்ளிக்கிழமை காலை திரையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். புல் முழுக்க வெந்து பழுப்பாகிக் கிடந்தது. அதற்கு நடுவே சார்லி மட்டும் தளதளவென்று சிரித்தான். புல்லுக்கு ஒன்றும் ஆகாமல் களை மட்டும் சாக வேண்டும் என்று கேட்டவருக்கு, களைக்கு ஒன்றும் ஆகாமல் புல் மட்டும் செத்துப்போயிருந்தது.

போராக்ஸைக் கழுவிவிடலாம் என்று குழாயைத் திறந்து விட்டார். தண்ணீர் போராக்ஸை அழைத்துக்கொண்டு, அதுவரை தப்பித்திருந்த வாசல் பக்கத்துப் புல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் அதுவும் நிறம் மாறத் தொடங்கியது.

லவோன் வேலியோரம் வந்து பார்த்தாள். வெர்லின் சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார்.

“ஐயோ, என்ன வெர்லின் இது?”

“மோசம்னு சொல்ல முடியாது” என்றார். எங்கள் ஊரில் அதற்கு எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று அர்த்தம்.

“ஒழுங்காச் சாப்பிடறீங்களா?”

“எங்க சாப்பிடறது? சோத்துல கையை வச்சா சார்லி ஞாபகம் வருது. படுத்தா கனவுல வர்றான்.”

லவோனின் கண் கலங்கிவிட்டது. பாழான புல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இவ்வளவு தூரம் மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். ஒரு புல்வெளிக்காகக் கண்ணீர் விடுகிற பெண்ணை வெர்லின் அதுவரை கண்டதில்லை. இவளை விட்டுவிடக் கூடாது என்கிற வெறி அவருக்கு வந்துவிட்டது.

மறுபடி டெல்மர் கடைக்குப் போனார்.

“புல்லுக்கு அடிக்கிற பச்சைச் சாயம் இருக்குன்னாங்களே?”

“இருந்துச்சு. தீர்ந்துபோச்சு.” டெல்மர் பின்பக்கம் போய்த் தூசி படிந்த ஒரு டப்பாவோடு வந்தான். “இது டிராக்டருக்கு அடிக்கிறது. பச்சைன்னா பச்சை, அப்படியொரு பச்சை. ஆனா நான் சொல்லலைன்னு வச்சுக்கோ.”

சனிக்கிழமை மதியத்துக்குள் அடித்து முடித்தார். எட்ட நின்று பார்த்தபோது முதலில் நன்றாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் மினுமினுவென்று மின்ன ஆரம்பித்தது. பறந்து வந்து இறங்கிய ஒரு ராபின் பறவை, பச்சைக் காலோடு திடுக்கிட்டுப் பறந்து போனது. இன்னொரு கொடுமை, சாயம் பூசியதில் மிக அழகாக இருந்தது சார்லிதான்.

சாயங்காலம் லவோன் வந்தாள். வெள்ளைச் செருப்பு போட்டிருந்தாள். கையில் அந்தக் கண்ணாடிப் பாத்திரம், அதில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக். “வேண்டாம், அங்கேயே நில்லுங்க” என்று வெர்லின் சொல்ல வாயெடுப்பதற்குள் புல்லில் கால் வைத்துவிட்டாள். அடுத்த அடி வைத்தபோது செருப்பு பச்சையாக இருந்தது. குனிந்து பார்த்தாள். எங்கள் ஊர்ப் பெண் அல்லவா, ஒன்றும் கேட்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியிலும் பெயின்ட் இருந்தது.

“நல்லா... வித்தியாசமா இருக்கு” என்றாள்.

வெர்லினுக்கு உலகமே இருண்டது. வித்தியாசம் என்பதைவிட மோசமான சொல் எங்கள் ஊரில் கிடையாது.

உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறினார். யோசித்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் அந்தப் புல்லோடு சேர்ந்து வெந்துபோயிருந்தது. இந்த லட்சணத்தில் எந்த முகத்தோடு கேட்பது?

“வெர்லின்” என்றாள் லவோன். “சார்லியை அனுப்பிட்டேன்.”

“என்னது?”

“நீங்க சொன்ன மாதிரியே. இன்னிக்குக் காலையில. அரைகுறையா இல்ல, வேரோட. இனிமே வர மாட்டான்.”

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார். அவ்வளவு பெரிய தோட்டத்தை ஒரு காலைப் பொழுதில், அந்த மெல்லிய கையால் எப்படித்தான் பிடுங்கினாளோ! தனக்காக யாரும் இவ்வளவு செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

“கொஞ்சம். ஆனா நீங்க பட்ட பாட்டைப் பார்த்தப்புறம் எனக்கு வேற எண்ணமே வரல.” அவள் சுற்றிலும் பார்த்தாள். “இதெல்லாம் என்னாலதானே?”

“சேச்சே, உங்களால இல்ல. சார்லியாலதான்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் வெர்லினின் வாய் ஒருவழியாகத் திறந்தது.

“லவோன், ஒரு நல்ல புல்வெளிகூட வச்சுக்கத் தெரியாதவன் நான். இருந்தாலும் கேட்டுடறேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன? கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தான் சொல்றேன்.”

“ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்?”

எங்கள் ஊரில் காப்பி கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். வெர்லின் கலங்கவில்லை.

“சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல.”

“இல்ல, பரவாயில்ல. எனக்காகப் போய்...”

“எப்படியும் வீட்டுல இடம் சும்மாத்தானே கிடக்கு?” என்றார் வெர்லின் மூன்றாம் தடவையாக.

“சரி. நீ இவ்வளவு தூரம் சொல்றேன்னா, மாட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்றாள் லவோன். ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ‘நீங்க’ அந்த வாக்கியத்தில் காணாமல் போனதை அவள் கவனித்தாளோ இல்லையோ, வெர்லின் கவனித்தார். கிளம்பும்போது அவர் வழக்கம்போல் பாத்திரத்தைக் கழுவி, வைத்துக் கொடுக்க ஏதாவது தேடினார். அவள் தடுத்துவிட்டாள்.

“இனிமே திருப்பித் தர வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்.”

திங்கட்கிழமை காலை வெர்லின் விசில் அடித்தபடி வேலியோரம் போனார். லவோன் தனக்காகச் சுத்தம் செய்த மண்ணை ஒருமுறை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று எட்டிப் பார்த்தார். விசில் நின்றது.

அந்தப் பக்கம் சார்லி காடாக மண்டிக் கிடந்தான். ஒரு கொடியைக்கூட யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஊதாப் பூவெல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெர்லின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வேரோடு அனுப்பிவிட்டேன் என்றாளே? பொய் சொல்கிற பெண் இல்லையே அவள்?

பின்னால் தபால் வண்டி வந்து நின்றது. பெவர்லி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

“வாயே திறக்காத ஆளுன்னு உன்னை நெனச்சேனேப்பா! அந்தப் பச்சை வண்டிக்காரன் சார்லி, வாங்கின கல்யாண மோதிரத்தைக் கடையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, அழுதுக்கிட்டே டுலுத்துக்குப் போயிட்டானாம்ல!”